அவரவர் இஷ்டமா? நெகேமியாவும் வில்லிவாக்கமும்

வேதபகுதி: நெகேமியா 5:1–13
துணைப்பகுதிகள்: உபாகமம் 24:6, 1 இராஜாக்கள் 21:1–3, ரோமர் 14



நியாயாதிபதிகள் புத்தகம் ஒரு துக்கமான குறிப்போடு முடிகிறது. தேசத்தில் ராஜா இல்லாத காலத்தில் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதையே நீதியாக வைத்துக்கொண்டார்கள் என்பதே அந்தக் குறிப்பு. 17-ஆம் அதிகாரத்தில் ஒரு தடவை, 21-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் மறுபடியும் ஒரு தடவை இது வருகிறது. இடையில் உள்ள அதிகாரங்களைக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசிக்க நமக்குத் தயக்கமாயிருக்கும். பலவீனமானவர்கள், முக்கியமாகப் பெண்கள், அங்கே பட்ட பாடு அப்படிப்பட்டது. அவனவன் தோன்றியபடி நடந்த தேசத்தில் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதை ஆவியானவர் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இதே காரியத்தை இன்று மரியாதையான வார்த்தைகளில் சொல்லுகிறோம். "அது அவரவர் இஷ்டம்." "அவருக்கு அது சரி, நமக்கு இது சரி." "தீர்ப்புச் சொல்ல நாம் யார்?" செமினரியில் நாங்கள் இதை ஒழுக்கச் சார்பியல் என்ற தலைப்பில் படித்தோம். எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் நன்மை, தீமை என்று ஒன்றும் இல்லை, எல்லாம் ஆளையும் சமுதாயத்தையும் பொறுத்தது என்பது அதன் சாராம்சம்.

நம்முடைய பிரசங்கபீடங்களில் இந்தத் தலைப்பு வந்தால் பெரும்பாலும் வாலிபர்களின் உடை, சினிமா, கைபேசி என்று பேசி முடித்துவிடுகிறோம். வாலிபர்களும் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதை இங்கே நான் செய்யப்போவதில்லை. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஒரு காரியத்தை, நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளலாம். கரையான்சாவடியிலிருந்து அம்பத்தூர் போய், கொரட்டூரைத் தாண்டினால் வில்லிவாக்கம். ஒரு காலத்தில் பத்திரிகைகள் அந்த ஊருக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வைத்தன.

வில்லிவாக்கத்தில் நடந்தது

நம் நாட்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதன்முதலில் வெற்றியாக நடந்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில்தான். 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது நடந்தது. அந்த நாட்களில் ரத்த சம்பந்தமுள்ள ஒருவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்துக்கே நல்ல பலன் எதிர்பார்க்க முடிந்தது. வேறு ஆளுடையதைச் சரீரம் சீக்கிரத்தில் தள்ளிவிடும். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. அது வந்தபிறகு உறவில்லாதவருடைய சிறுநீரகமும் பொருந்தும் என்றாயிற்று. மருந்து தேவனுடைய ஈவு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மருந்து திறந்த கதவு வழியாகத் தரகர்களும் உள்ளே வந்தார்கள். சென்னையின் குடிசைப் பகுதிகளில் கடனில் மூழ்கிய குடும்பங்களைத் தேடி அவர்கள் போனார்கள். வெளிநாடுகளிலிருந்தும் நோயாளிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். வில்லிவாக்கத்தில் வரிசையாகச் சில தெருக்களில், விலாவில் நீண்ட தழும்போடு பெண்கள் இருந்தார்கள்.

அப்பொழுது அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. சில மருத்துவர்கள் வெளிப்படையாகவே அதற்காக வாதாடினார்கள். வெகுமதியோடு கூடிய தானம் என்று அதற்கு அழகான பெயரும் சூட்டினார்கள். வாங்குகிறவருக்கு உயிர் கிடைக்கிறது, கொடுக்கிறவருக்குப் பணம் கிடைக்கிறது, இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் சம்மதம். குறுக்கே வர மூன்றாவது மனிதருக்கு என்ன உரிமை?

மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தைப் பாராளுமன்றம் 1994-ல் நிறைவேற்றியது. தமிழ்நாடு 1995-ல் அதை ஏற்றுக்கொண்டது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றமாயிற்று. ஆயினும் நெருங்கிய உறவில்லாத ஒருவர் பாசத்தினால் கொடுக்க முன்வந்தால், அங்கீகாரக் குழுவின் அனுமதியோடு கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. உண்மையான பாசத்துக்காக வைத்த அந்தப் பிரிவைத் தரகர்கள் வாசலாக்கிக்கொண்டார்கள். முன்பின் பார்த்திராத இருவர் குழுவுக்கு முன்பாக நண்பர்களானார்கள். 2011-ல் சட்டத்தைத் திருத்தி, இந்த வியாபாரத்துக்குத் தண்டனையைப் பத்து வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் ஆக்கினார்கள். இருந்தும் காரியம் நின்றுவிடவில்லை. 2004 சுனாமிக்குப் பின் வடசென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007-ல் வந்தது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் வறுமையைத் தரகர்கள் பயன்படுத்திக்கொண்டதாகப் புகார் எழுந்தது. அரசு விசாரணை நடத்தியது. அடுத்த மாதமே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

"இதுல கடவுளுக்கு என்ன நஷ்டம்?"

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வார்டில் ஒரு வாலிபர் தம் அண்ணனுக்குத் துணையாக இருந்தார். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். குடும்பத்தில் ஒருவருடையதும் பொருந்தவில்லை. ஜெபம் பண்ணி முடித்ததும் வராந்தாவுக்கு என் பின்னாலேயே வந்தார். "ஐயா, தெரிஞ்சவர் ஒருத்தர் ஆள் பாத்துத் தரேன்னு சொல்றார். அவங்களுக்குப் பணம் வேணும், எங்களுக்குக் கிட்னி வேணும். ரெண்டு பேருக்கும் சம்மதம். இதுல கடவுளுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அண்ணன் சாகக் கிடக்கும்போது தம்பி கேட்கிற கேள்வி இது. ஆரோக்கியமாயிருக்கிற நாம் சார்பியலைப் பற்றிச் சாவகாசமாக விவாதிக்கலாம். அவருக்கு அது விவாதம் அல்ல. ஆகையால் அவருக்குச் சொல்லத்தக்க பதில் ஏதாவது இருந்தால்தான் நம்முடைய போதனைக்கு அர்த்தம் உண்டு.

முதலில், சம்மதம் என்ற அந்த வார்த்தையை எடுத்துக்கொள்வோம். ஏசாவும் சம்மதித்துத்தான் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றான். களைத்து வந்தான், பசி பொறுக்கவில்லை, கூழ் எதிரே இருந்தது. யாக்கோபு அவன் கையை முறுக்கவில்லை, ஆணைகூட வாங்கிக்கொண்டான். இன்றைய பேச்சின்படி அது முறையான ஒப்பந்தம். ஆனாலும் அந்தக் கதையை வாசிக்கிற சின்னப் பிள்ளைக்கும் யாக்கோபு நடந்துகொண்ட விதம் உறுத்துகிறது. பசியின் வாயிலிருந்து வந்த 'சரி' என்ற வார்த்தையை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைக்கும் தெரிகிறது.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஓர் ஆய்வு 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றார்கள். நூற்றுக்கு 71 பேர் பெண்கள். கணவர் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியவர், அல்லது அவரே நோயாளி. ஆகவே மனைவி படுத்தாள். அவர்கள் கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50,000 ரூபாய். சராசரியாக ஆறு வருஷம் கழித்து அவர்களைச் சந்தித்தபோது நாலில் மூன்று பங்கு பேர் இன்னும் கடனிலேயே இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் தங்கள் சுகம் கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 79 பேர், வேறு யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்பார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. தரகர்களும் ஆஸ்பத்திரிகளும் பேசிய தொகை ஒன்று, கொடுத்த தொகை அதைவிடக் குறைவு. இங்கேதான் சார்பியல் தடுமாறுகிறது. அவரவருக்குச் சரியென்று பட்டதே சரி என்றால், பேசின பணத்தைக் கொடுக்காமல் விடுவது அந்தத் தரகருக்குச் சரியென்று பட்டது. அதற்குமேல் நாம் என்ன சொல்ல முடியும்? ஆனால் ஏமாற்றப்பட்ட அந்தப் பெண்ணிடம் போய், "அவருக்கு அது சரி, உங்களுக்கு அது தப்பு" என்று எந்தச் சார்பியல்வாதியும் சொல்லத் துணிய மாட்டார். சொன்னால் அவருடைய மனச்சாட்சியே அவரைக் குத்தும். ரோமர் 2:15-ல் பவுல் சொல்லுகிறது இதுதான். நியாயப்பிரமாணம் கையில் இல்லாத மனிதருடைய இருதயத்திலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது.

திரிகைக் கல்

இப்பொழுது உபாகமம் 24:6-க்கு வாருங்கள். பலர் தாண்டிப் போய்விடுகிற ஒரு வசனம். கடன் கொடுத்தவன் திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கக் கூடாது, அது ஒருவனுடைய ஜீவனையே அடகு வாங்குகிறதாகும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். கடன் வாங்குகிறவன் சம்மதித்தாலும்? ஆம், சம்மதித்தாலும். சொல்லப்போனால், அவன் சம்மதிப்பான் என்று தெரிந்துதான் இந்தக் கட்டளை கொடுக்கப்பட்டது. இரவு பிள்ளைகள் பசியோடிருந்தால் எந்தத் தாயும் திரிகைக் கல்லைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அதைக் கேட்கவே கூடாது என்று கடன் கொடுக்கிறவனுக்குத்தான் தடை.

இதன் ஞானம் எனக்கு விளங்கியது லாரன்ஸ் கோஹன் என்ற அமெரிக்க மானிடவியலாளரின் எழுத்தினால். அவர் 1990-களில் சென்னைக்கு வந்து, சிறுநீரகம் விற்ற பெண்களோடு பேசினார். அவர் கவனித்த ஒரு காரியம் பயங்கரமானது. சிறுநீரகம் விற்கலாம் என்பது ஒரு பகுதியில் பரவிவிட்டால், அங்கே வட்டிக்காரர்களின் நெருக்கடி முன்னைவிட அதிகமாகிறது. இவர்களிடம் விற்க ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா? முன்பு "இல்லை" என்று சொன்னால் தண்டல்காரர் திட்டிவிட்டுப் போவார். இப்போது "பக்கத்து வீட்டம்மா அடைக்கலையா?" என்று கேட்பார்.

பிரியமானவர்களே, தயவுசெய்து இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். முதலில் விற்ற பெண்ணுக்கு அது அவள் இஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். அதே தெருவில் பத்தாவது பெண்ணுக்கு அது இஷ்டமா? அவள் விற்க நினைக்காதவள். ஆனால் அவளுடைய சரீரத்துக்கும் விலை போட்டாயிற்று. அது கடன்காரருடைய கணக்கில் ஏறிவிட்டது. ஒருவருடைய இஷ்டம் அடுத்தவருக்குக் கட்டாயமாக மாறுகிறது. "அவரவர் விஷயம்" என்று நாம் சொல்லும்போது ஒவ்வொருவரும் தனித்தனித் தீவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுகிறோம். வில்லிவாக்கத்துத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். ஆகாப் ஆரம்பத்தில் அநியாயமாக எதுவும் கேட்கவில்லை. மாற்றுத் தோட்டம் தருகிறேன், அல்லது கிரயத்தைப் பணமாகத் தருகிறேன் என்றான். நாபோத் மறுத்தான், விலை போதாது என்பதனால் அல்ல, அது விற்பனைக்குரிய பொருளே அல்ல என்பதனால். நம்முடைய சரீரமும் நமக்குச் சொந்தமானது அல்ல, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டது என்று 1 கொரிந்தியர் 6-ல் படிக்கிறோம். அதைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்கு உண்டு, விற்கும் உரிமை இல்லை.

அப்படியானால் உறுப்புத் தானமும் பாவமா என்று சிலர் கடிதத்தில் கேட்பதுண்டு. இல்லை. கொடுப்பது வேறு, விற்பது வேறு. இந்த வித்தியாசத்தை அறிய வேதசாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நம் அயலகத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சிபி விற்றான் என்று ஒருவரும் சொல்வதில்லை. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற வாலிபனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். அவன் இருதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து நம் முகப்பேருக்குக் கொண்டுவர, போலீசார் வழிநெடுக வண்டிகளை நிறுத்திச் சாலையைத் திறந்து கொடுத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கு, எந்த மதத்தாருக்கு என்று அந்தப் பெற்றோர் கேட்கவில்லை. அதன்பின் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அப்படியே செய்தன. 2023-லிருந்து உறுப்புத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் உண்டு. தழும்பை மறைத்து வாழும் பெண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. கொடுத்ததற்கும் விற்றதற்கும் உள்ள வித்தியாசம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஒரே விதமாகத் தெரிகிறதே! எல்லாம் ஆளைப் பொறுத்தது என்றால் இந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது?

அரசே ஒழுங்குபடுத்தி நல்ல விலை கொடுத்தால் குறை நீங்கிவிடாதா என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஈரானில் 1988-லிருந்து சட்டப்படியே பணம் கொடுத்து வாங்கும் ஏற்பாடு உண்டு. தரகரை ஓரளவு ஒதுக்க முடிந்தது. ஆனால் அங்கும் விற்க வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அந்த வரிசையில் நிற்பதில்லை.

ரோமர் 14-ஐ வைத்துச் சிலர் குழம்புகிறார்கள்

ஒரு சபையில் இந்தப் பாடத்தை நடத்தியபோது ஒரு சகோதரர் எழுந்து, பவுலே அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாரே என்றார். நல்ல கேள்வி. ஆனால் ரோமர் 14-ல் பவுல் எதைப் பற்றிப் பேசுகிறார்? மரக்கறி உண்பதா, மாம்சம் உண்பதா. ஒரு நாளை விசேஷிப்பதா, எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுவதா. இப்படிப்பட்டவற்றில் வித்தியாசம் இருக்கலாம், ஒருவரை ஒருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்கிறார். நம் வார்டில் முக்காடிட்ட தாயாரும், திருநீறு பூசிய பெரியவரும், சிலுவை அணிந்த பாட்டியும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அவர்கள் வழக்கங்களை நாம் மதிக்கிறோம், மதிக்கவும் வேண்டும். அதைச் சார்பியல் என்று நினைத்து, பல மதத்தார் கூடி வாழ வேண்டுமானால் நன்மை தீமை பேசாதிருக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு.

இன்னும் கவனியுங்கள், அதே அதிகாரத்திலேயே பவுல் ஒரு எல்லை போடுகிறார். என்னுடைய சுயாதீனம் என் சகோதரனுக்கு இடறலாயிருக்குமானால் அதை நான் விட்டுவிட வேண்டும். உணவுக்கே இப்படி என்றால், சகோதரியின் சரீரத்தைப் பற்றி என்ன சொல்லுவோம்! ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்களைப் பற்றி ஆமோஸ் பேசும்போது, அது அவர்கள் ஊர் வழக்கம் என்று விட்டுவிடவில்லை.

நெகேமியா செய்தது

கடைசியாக நம் முக்கியப் பகுதி. எருசலேமின் அலங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். நல்ல வேலை, பக்தியுள்ள வேலை. அதன் நடுவே ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். ஸ்திரீகளும் சேர்ந்து என்று வேதம் விசேஷமாகச் சொல்லுகிறது. பஞ்சத்துக்கும் ராஜாவின் வரிக்கும் கடன் வாங்கி, நிலங்களையும் வீடுகளையும் அடமானம் வைத்து, இப்போது பிள்ளைகளை அடிமையாக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். தங்கள் சரீரமும் கடன் கொடுத்தவர்களின் சரீரமும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள்.

எல்லாக் கடனும் சம்மதத்தோடு வாங்கியதே. பத்திரம் சரியாகவே இருந்திருக்கும். நெகேமியா பத்திரத்தைப் பார்க்கவில்லை. மிகவும் கோபங்கொண்டார் என்று வாசிக்கிறோம். தனக்குள்ளே யோசித்து, பிரபுக்களைக் கூப்பிட்டு, சபை கூட்டி, முகத்துக்கு முன்பாகப் பேசினார். அவர்களுக்குச் சொல்லப் பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவர் கேட்டது மனந்திரும்புதலின் கண்ணீரை அல்ல. நிலங்களையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். தானும் தன் மனிதரும் கடன் கொடுத்திருந்ததையும் அவர் மறைக்கவில்லை. ஒழுக்கம் கெட்டுப்போயிற்று என்று அலங்கத்தின் மேல் நின்று பிரசங்கம் பண்ணியிருக்கலாம். அது சுலபம், செலவும் கிடையாது.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. தண்டல், மீட்டர் வட்டி, குழுக் கடன் ஆகியவற்றில் சிக்கியவர்கள் நம்முடைய சபைகளின் கடைசிப் பெஞ்சில் இருக்கிறார்கள். எங்கள் வார்டில் நான் கேட்கிற கதைகளில் பாதிக்கும் மேலானவற்றில் அந்தக் கடனின் முதல் ரூபாய் ஒரு ஆஸ்பத்திரி பில்லுக்காக வாங்கப்பட்டது. பிரசவம், விபத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொடங்கியது. பில்லைக் குறைக்க உங்கள் காணிக்கை உதவும்போது, தண்டல்காரரின் வாசலுக்குப் போகிற ஒரு குடும்பம் அங்கே போகாமல் நிற்கிறது. இதை உங்களைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. நெகேமியா 5-ஐப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது.

அந்த வாலிபருக்கு நான் சொன்னதும் ஏறக்குறைய இவ்வளவே. தழும்புள்ள பெண்களைப் பற்றிச் சொன்னேன். இறந்தவர்களிடமிருந்து பெறும் உறுப்புக்காக அரசு மருத்துவமனையில் பெயர் பதிய உதவினோம். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது, கோபமாகத்தான் போனார். அவர் கோபத்தைக் கர்த்தர் புரிந்துகொள்ளுவார் என்று நம்புகிறேன்.

இந்தப் பாடத்தை வீட்டுக் கூட்டங்களிலும் பெண்கள் ஐக்கியத்திலும் நடத்துகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். நெகேமியா 5-ஐ வாசித்தபின், நம் சபையில் எத்தனை குடும்பங்கள் தண்டலுக்குக் கடன்பட்டிருக்கின்றன, அந்தக் கடன் முதலில் எதற்காக வாங்கப்பட்டது என்று விசாரியுங்கள். பெயர்களைக் கூட்டத்தில் கேட்க வேண்டாம், தனியே கேளுங்கள். பிறகு 2 சாமுவேல் 23:15–17-ஐ வாசியுங்கள். தாகமாயிருந்த தாவீது, தனக்காக மூன்று பேர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க மனதில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். அவனுக்குத் தாகம் தீர்ந்துவிடவில்லை. டயாலிசிஸ் கட்டிலில் காத்திருக்கும் ஒருவரிடம் இந்தப் பகுதியை எப்படிப் பேசுவோம் என்பதை அவசரப்படாமல் கலந்து பேசுங்கள்.